ஓடையில் ஒரு பூவிதழ்

மரத்திலிருந்து உதிரும் மஞ்சள் பூவிதழ் ஒன்று ஓடை நீரில் விழுகிறது. விழுந்த இதழ் நீரோடு போய்விடாமல், திரும்பி எதிர்த்து நீந்தத் தொடங்கினால் எப்படியிருக்கும்? இலங்கையின் மழைக்காட்டு ஓடைகளில் அப்படியோர் இதழ் உண்மையாகவே நீந்துகிறது. சிங்களத்தில் அதற்கு 'ஹல்மல் தண்டியா' என்று பெயர். ஹல் என்பது ஒரு காட்டு மரம்; மல் என்றால் மலர்; தண்டியா என்பது ஓடைகளில் திரியும் மெல்லிய சிறு மீன்களுக்கான பெயர். ஆக, ஹல் பூ மீன்!

1930ஆம் ஆண்டில் பி. ஈ. பி. தெரணியகல என்ற விலங்கியல் அறிஞர் இம்மீனை விஞ்ஞான உலகுக்கு அறிமுகப்படுத்தினார். பின்னாளில் கொழும்பு தேசிய நூதனசாலையின் பணிப்பாளராக இருந்தவர் இவர்தான். அவர் சூட்டிய 'வெட்டெரிஃபுளோரிஸ்' என்ற பெயரின் பொருளும் ஹல் மலர் என்பதே. ஹல் மரத்துக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயர் வெட்டேரியா. கிராமத்து மனிதரின் கண்ணுக்குப் பட்ட உவமையைவிடச் சிறந்த ஒன்று படித்தவருக்கும் கிடைக்கவில்லை போலும்.

ஹல் மரத்தை அறியாத சகோதரிகளுக்காக ஒரு வார்த்தை. அதன் விதை கசக்கும். சிங்களக் கிராமத்துப் பெண்கள் அதனை ஓடும் நீரில் ஊறவைத்துக் கசப்பை நீக்கி, இடித்து மாவாக்கி, பிட்டும் ரொட்டியும் செய்வார்கள். விதைக்குக் கசப்பை எடுக்கும் அதே ஓடையில்தான் பூவின் பெயர் கொண்ட மீனும் வாழ்கிறது.

முழு வளர்ச்சியடைந்த மீன் 4 சென்ரிமீற்றரைத் தாண்டாது. உங்கள் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. உடல் ஒளி ஊடுருவுவது போல மெல்லியது. பக்கவாட்டில் பார்த்தால் இலைபோல அகன்றிருக்கும். வெயில் கீற்று படும்போது பொன்னிறமும் செம்மஞ்சளும் முத்தின் மினுக்கமும் மாறி மாறித் தெரியும். கூட்டமாகவே திரியும். இலைச்சருகும் மணலும் படிந்த, மெதுவாக ஓடுகிற, தெளிந்த, நிழலான நீர்தான் அதற்கு வேண்டும். அடியிலிருந்து சேறு கிளம்பினால் அதற்கு ஆகாது. உச்சி வெயில் நேரே விழும் வெட்டவெளி ஓடையும் ஆகாது. களு கங்கைக்கு நீர் சேர்க்கும் இரத்தினபுரிப் பக்கத்து மழைக்காட்டு ஓடைகள்தான் அதன் பூர்வீக வீடு. இலங்கையைத் தவிர உலகில் வேறெந்த நாட்டிலும் இம்மீன் இயற்கையாக இல்லை.

இத்தனை சிறிய ஒன்றுக்கு இத்தனை பெரிய நிபந்தனையா என்று கேட்கத் தோன்றும். நிபந்தனை அதனுடையதல்ல, அதைப் படைத்தவனுடையது. அல்குர்ஆனின் ஆறாம் அத்தியாயமான சூரத்துல் அன்ஆமில் 38ஆவது வசனம், பூமியில் நடமாடுபவையும் இறக்கைகளால் பறப்பவையும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று உணர்த்துகிறது. 'உம்மத்' என்ற சொல்லை நமக்கு மட்டும் உரியதென்று எண்ணிப் பழகிவிட்டோம். ஒரு நபியை எறும்பொன்று கடித்ததற்காக அவர் எறும்புப் புற்றையே எரித்தபோது, தஸ்பீஹ் செய்து கொண்டிருந்த ஒரு சமுதாயத்தையே அழித்துவிட்டீரே என்று அல்லாஹ் கண்டித்த செய்தி ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. எறும்புக்கே அந்தக் கணக்கு இருக்கும்போது, மீனுக்கு இராதா?

காடு போயிற்று, கண்ணாடித் தொட்டி வந்தது

இம்மீனுக்கு வந்த ஆபத்து இரண்டு பக்கத்திலிருந்து வந்தது.

முதலாவது, வீடு சுருங்கியது. தென்மேற்கு இலங்கையின் ஈரவலயக் காடு ஒரு காலத்தில் கரையோரத்திலிருந்து மலைவரை ஒரே போர்வையாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலைகளில் கோப்பிக்காகக் காடு வெட்டப்பட்டது. 1869 முதல் கோப்பி இலையைத் துருநோய் தின்னத் தொடங்கியபோது, 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் நட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. தாழ்ந்த மலைகளில் இறப்பர் வந்தது. எஞ்சிய காட்டில் பெரும் துண்டு சிங்கராஜ வனம். அது 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மற்றவை துண்டு துண்டாக, தோட்டங்களுக்கும் வயல்களுக்கும் இடையே கிடக்கின்றன. பெரிய காட்டில் ஒரு மரம் விழுந்தால் ஓடைக்குத் தெரியாது. துண்டுக் காட்டில் பத்து மரம் விழுந்தாலே ஓடை வெயிலுக்கு வந்துவிடும்.

இரண்டாவது, அதன் அழகு. வெளிநாடுகளில் வீட்டுக் கண்ணாடித் தொட்டிகளில் வளர்ப்பதற்கு இலங்கையின் சின்ன மீன்களுக்கு நல்ல கிராக்கி ஏற்பட்டது. ஹல்மல் தண்டியா, செர்ரிப் பழ நிறத்தில் சிவக்கும் லே தித்தயா, புலத் ஹப்பயா என்று ஓடையோடையாக வலைபோட்டு அள்ளினார்கள். இதில் புலத் ஹப்பயாவின் பெயரைச் சொல்லியே ஆகவேண்டும். சிங்களத்தில் 'வெற்றிலை மென்றவன்' என்று பொருள். இனப்பெருக்க காலத்தில் ஆண் மீனின் முன்பாதி வெற்றிலைச் சாறு ஊறியது போலச் சிவந்துவிடும், பின்பாதி கறுத்துவிடும். மாப்பிள்ளைக் கோலம்தான், சந்தேகமில்லை!

1993இல் திருத்தப்பட்ட வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டமும், 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கக் கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டமும் இந்தப் பிடிப்புக்கும் ஏற்றுமதிக்கும் கடிவாளம் போட்டன. லே தித்தயாவை இன்று பல நாடுகளில் பண்ணையிலேயே பெருக்குகிறார்கள். ஆகவே அதற்காக ஓடையில் கைவைக்கத் தேவையில்லை. ஹல்மல் தண்டியா அப்படிப்பட்ட முரட்டு மீனல்ல. நீர் மாறினால் வாடும், பயணத்தில் சாகும். தொட்டியில் ஒன்று மினுங்குவதற்கு வழியில் எத்தனை செத்திருக்கும் என்பதை வாங்குபவர் பார்ப்பதில்லை.

கினிகத்தேனைக் கணவாயைத் தாண்டி

இனித்தான் நமது மலையகம் கதைக்குள் வருகிறது.

அவிசாவளையிலிருந்து ஹற்றனுக்குப் பஸ்ஸில் போனவர்களுக்கு வழி தெரியும். கித்துல்கலையில் களனி கங்கையை ஒட்டிப் போகும் பாதை வளைந்து வளைந்து ஏறி, கினிகத்தேனை என்ற சிறு நகரத்தில் மூச்சு வாங்கும். அந்த மலை விளிம்பு சாதாரண விளிம்பல்ல. மேற்கே விழும் மழை களனி கங்கைக்குப் போய்க் கொழும்பருகே கடலில் சேரும். மறுபக்கம் விழும் மழை நாவலப்பிட்டிப் பக்கம் இறங்கி மகாவலியில் கலந்து, நாட்டையே சுற்றி, திருகோணமலையில் கடலைக் காணும். ஒரே மேகம், இரண்டு கடற்கரை! பக்கத்து வட்டவளை இலங்கையிலேயே அதிக மழை பெறும் இடங்களில் ஒன்று. ஆண்டுக்கு 5,000 மில்லிமீற்றரைத் தாண்டும்.

மனிதனுக்கு இந்த விளிம்பைக் கடக்கப் பஸ் இருக்கிறது. மீனுக்கு ஏது? ஓடை மீனுக்குத் தன் ஆற்றுப் படுகையே உலகம். மலை விளிம்பு அதற்குச் சமுத்திரத்துக்குச் சமம். எனவே தென்மேற்கு ஆறுகளில் பிறந்த ஹல்மல் தண்டியா மகாவலியில் இருந்ததே இல்லை.

1980களின் ஆரம்பத்தில் சிலர் அதனைத் தூக்கிக்கொண்டு விளிம்பைத் தாண்டினார்கள். பிறந்த காடுகள் இப்படியே அழிந்துகொண்டு போனால் என்ன செய்வது என்ற கவலையால் செய்யப்பட்ட பரிசோதனை அது. ஹல்மல் தண்டியா, லே தித்தயா, புலத் ஹப்பயா முதலிய மழைக்காட்டு மீன்களைப் பிடித்துவந்து, கினிகத்தேனைப் பகுதியில் மகாவலிக்கு ஓடும் ஓடைகளில் விட்டார்கள். பல ஆண்டுகள் கழித்துத் திரும்பிப் போய்ப் பார்த்தபோது மீன்கள் இருந்தன. இருந்தது மட்டுமல்ல, குஞ்சு பொரித்துப் பெருகியுமிருந்தன. எரிக் விக்கிரமநாயக்க என்ற உயிரியலாளர் இதனை 1990இல் 'கொன்சர்வேஷன் பயோலொஜி' என்ற விஞ்ஞான சஞ்சிகையில் எழுதினார். இலங்கையின் நன்னீர் மீன்களைப் பற்றிப் பேசும் எவரும் கினிகத்தேனையை இன்றும் குறிப்பிடாமல் விடுவதில்லை.

நூஹ் நபியின் கப்பல் நினைவுக்கு வருகிறது அல்லவா? வெள்ளம் இல்லாத கப்பல் இது.

உலகில் இவ்வாறு நடந்தது இங்கு மட்டுமல்ல. அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் 1973இல் 'ஸ்னெய்ல் டார்ட்டர்' என்ற மூன்று அங்குல மீன் கண்டுபிடிக்கப்பட்டது. அது வாழ்ந்த ஆற்றில் கிட்டத்தட்டக் கட்டி முடிந்த நிலையில் ஓர் அணை. அந்த மீனுக்காக 1978இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அணையை நிறுத்தச் சொன்னது! மறு ஆண்டே காங்கிரஸ் தனிச் சட்டம் செய்து அணையை முடித்துவிட்டது வேறு கதை. ஆனால் அதற்குள் மீன்களைப் பிடித்து ஹிவாசி என்ற வேறோர் ஆற்றில் விட்டிருந்தார்கள். அங்கு அவை பெருகின. வேறு சில இடங்களிலும் கண்டுபிடிக்கப்பட்டன. 2022இல் அம்மீன் ஆபத்துப் பட்டியலிலிருந்தே எடுக்கப்பட்டது. வழக்குப் பேசியவர்களைவிட வாளியில் மீன் சுமந்தவர்கள் சாதித்தது அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது.

குடியேற்றம் எப்போதும் நன்மையா?

அதற்காக மீனைப் பிடித்து வேறு ஆற்றில் விடுவது நல்ல காரியம் என்று யாரும் முடிவுகட்டிவிடக் கூடாது. விஞ்ஞானிகளுக்குள்ளேயே இதில் தயக்கம் உண்டு. வந்த மீன் நோய் கொண்டு வரலாம். இருக்கும் மீனின் உணவையும் இடத்தையும் பறிக்கலாம். மகாவலியின் மேல் ஓடைகள் காலியாகக் கிடந்த வீடுகள் அல்ல. அங்கும் அந்த இடத்துக்கே உரிய மீன்கள் உண்டு. 2017இல்தான் மகாவலிப் படுகையின் மலை ஓடைகளிலிருந்து ஒரு சிறு மீன் தனி இனமென்று அறியப்பட்டு, 'மொன்டிகோலா' - மலைவாசி - என்று பெயரிடப்பட்டது. நூற்றைம்பது ஆண்டுகளாகத் தேயிலை பறிக்கும் மலைகளில், கொழுந்து பறிப்பவர்களின் காலடியில் ஓடிய மீனுக்கு நேற்றுத்தான் பெயர் கிடைத்திருக்கிறது. பெயர் கிடைக்காமலே போனவை எத்தனையோ.

வேண்டாத விருந்தாளிகளின் கதையும் மலையகத்துக்குப் புதிதல்ல. தூண்டில் போட்டுப் பொழுதுபோக்க ஆசைப்பட்ட ஆங்கிலத் துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் நுவரெலியாப் பக்க ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். ஹோட்டன் சமவெளியின் ஓடைகளில் இன்றும் அதன் வாரிசுகள் இருக்கின்றன. சின்னஞ்சிறு உயிர்களை விழுங்கும் மீன் அது. இன்று துரைமார் இல்லை. ஆனால் தொட்டி சலித்துப்போனதும் கப்பி மீனையும் பெரிதாகிவிட்ட கத்தி மீனையும் 'பாவம், உயிரோடு இருக்கட்டும்' என்று பக்கத்து ஓடையில் ஊற்றிவிடும் பிள்ளைகள் நம் வீடுகளில் இருக்கிறார்கள். இரக்கம்தான். அந்த இரக்கம் ஓடையிலிருக்கும் மற்ற மீன்களை எட்டுவதில்லை. வேண்டாத மீனை வாங்கிய கடைக்கே திருப்பிக் கொடுக்கச் சொல்லுங்கள்.

கேகாலை மாவட்டத்தின் கலப்பிட்டமடையில் இன்னொரு சிறு மீன் இருக்கிறது. பண்டுல பெத்தியா என்பார்கள். 1991இல் விஞ்ஞானப் பெயர் பெற்றது. வயலுக்கும் இறப்பர் தோட்டத்துக்கும் நடுவே போகும் ஒரே ஓர் ஓடைதான் அது இயற்கையாக வாழும் இடம். உலகம் முழுவதற்கும் அவ்வளவே! ஒரு நாள் யாரோ ஒருவர் வயலுக்கு அடித்த மருந்துக் கேனை அந்த ஓடையில் கழுவிவிட்டால் என்னவாகும் என்று நினைத்துப் பாருங்கள். இப்படிப்பட்ட ஒன்றுக்கு இன்னொரு வீடு தேடிக் கொடுப்பதை யார் தவறென்பார்? இருக்கும் வீட்டைக் காப்பாற்ற முடியாதபோது செய்யும் காரியம்தான் குடியேற்றம் என்பதை மட்டும் மறக்காமலிருந்தால் போதும்.

பீலித் தண்ணீரும் மீன் தண்ணீரும்

கினிகத்தேனை ஓடைகளுக்கு வந்த மீன் காட்டுக்கு வரவில்லை. தேயிலையும் வீட்டுத் தோட்டமும் கடைத்தெருவும் சூழ்ந்த ஓடைக்கு வந்தது. அங்கு அது பிழைத்ததென்றால், அந்த ஓடைகளில் நிழலும் தெளிவும் மிச்சமிருந்தன என்று அர்த்தம். ஆகவே இப்போது கேள்வி காட்டதிகாரியிடம் மட்டும் இல்லை. ஓடைக்கு மேலே குடியிருப்பவர்களிடமும் இருக்கிறது.

நிழலை முதலில் எடுத்துக்கொள்வோம். 20 பாகை செல்சியஸ் குளிரான நீரில் லீற்றருக்குச் சுமார் 9 மில்லிகிராம் ஒட்சிசன் கரைந்திருக்கும். அதே நீர் வெயிலில் 30 பாகைக்குச் சூடேறினால் சுமார் ஏழரை மில்லிகிராம்தான் நிற்கும். மீன் மூச்சுவிடுவது இந்த ஒட்சிசனைத்தான். ஓடையோரத்து மரத்தை விறகுக்கு வெட்டும்போது நீருக்குள் ஒருவரின் மூச்சு குறைகிறது. மரம் நிழல் மட்டும் தருவதில்லை; அதிலிருந்து விழும் பூச்சியும் மீனுக்கு உணவு. உதிரும் சருகு குஞ்சுகளுக்கு ஒளிவிடம்.

அடுத்தது மண். செங்குத்தான சரிவில் தேயிலைச் செடிகளுக்கிடையே புல் சுரண்டிய நிலத்திலிருந்தும், நுவரெலியாவில் ஓடை விளிம்புவரை நட்ட லீக்ஸ், உருளைக்கிழங்குப் பாத்திகளிலிருந்தும் ஒவ்வொரு மழைக்கும் மண் இறங்குகிறது. சேறு மீனின் செவுளை அடைக்கிறது. இலைச்சருகையும் கூழாங்கல்லையும் மூடி, முட்டை ஒட்டும் இடத்தை இல்லாமலாக்குகிறது. மழை விட்டு இரண்டு நாளாகியும் ஓடை தேயிலைச் சாயம்போலவே கலங்கி ஓடினால், மேலே எங்கோ மலை வழிந்துகொண்டிருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பிறகு மருந்து. 1946இல் இலங்கைத் தேயிலையைக் கொப்புள நோய் தாக்கியது. அன்றிலிருந்து மழைக்காலத்தில் செம்பு கலந்த மருந்து தெளிப்பது வழக்கமாயிற்று. செம்பு நமக்குப் பாத்திரம். மீனின் செவுளுக்கு நஞ்சு. மிகக் குறைந்த அளவே போதும். நோய் வருவதும் மழையில், மருந்தடிப்பதும் மழைக்காலத்தில், மருந்தைக் கழுவி ஓடைக்குக் கொண்டுபோவதும் அதே மழை. தோட்டக்காரரைக் குறைசொல்ல முடியாத சிக்கல் இது. புல்லுக்கு அடிக்கும் கிளைபோசேற் மருந்தை அரசாங்கம் 2015இல் தடைசெய்து, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் தளர்த்தியது. இரசாயன உரத்தை 2021இல் ஒரே நாளில் நிறுத்தப்போய், அதே ஆண்டு முடிவதற்குள் பின்வாங்க வேண்டியதாயிற்று. தடையும் தளர்வும் கொழும்பில் முடிவாகின்றன. ஓடை ஓரத்தில் முடிவாவது வேறொன்று: தெளித்து முடித்த தகரத்தை எங்கே கழுவுவது?

இந்தக் கேள்வியைத்தான் நம் சகோதரிகள் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். லயத்து வீடுகளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் துவைப்பதற்கும் இன்றும் பல இடங்களில் பீலித் தண்ணீர்தான். மலையிலிருந்து குழாயிலோ மூங்கில் தும்பிலோ வந்து விழும் அந்தத் தண்ணீர் அதே ஓடையின் மேல்பாதி. மருந்தடித்த கேனை ஓடையில் அலசிவிட்டு, 'நன்றாகக் கழுவியாயிற்று' என்று அதே கேனில் குடிதண்ணீர் பிடித்து வைக்கும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. எவ்வளவு கழுவினாலும் பிளாஸ்டிக்கில் ஊறிய மருந்து முழுதாகப் போவதில்லை. அந்தக் கேனை வெட்டிப் பூச்செடி வைப்பதும்கூட ஆகாது. துளையிட்டு, மற்றவர் எடுக்க முடியாமல் செய்து, ஓடைக்கும் கிணற்றுக்கும் தூரத்தில் ஒதுக்குங்கள். கேனைக் கழுவிய தண்ணீரை ஓடையில் விடாமல் தெளிப்பான் தாங்கியிலேயே ஊற்றிச் செடிக்கே அடித்துவிட வேண்டும். கினிகத்தேனை, ஹற்றன், தலவாக்கலைக் கடைத்தெருக்களில் தலைமுறைகளாக வியாபாரம் செய்யும் நம்மவர்களில் உர, மருந்து விற்பவர்களும் இருப்பார்கள். வாங்கிப் போகிறவரிடம் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லியனுப்ப வாப்பாவுக்கோ நானாவுக்கோ அரை நிமிடம் ஆகாது.

துவைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சவர்க்கார நுரை ஓடையில் மிதப்பதைப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். மீனின் செவுளுக்கு அது எரிச்சல். துணியை நனைத்துக் கல்லிலே அடித்தபிறகு, அழுக்கு நீரைத் திரும்ப ஓடைக்கு விடாமல் கரையிலிருந்து நாலெட்டு தள்ளி மண்ணில் ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது. மண் வடிகட்டிக்கொள்ளும்.

ஏன் இவ்வளவு அக்கறை ஒரு மீனுக்கு என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது. ஓடையில் மீன் செத்து மிதந்தால் அன்று யாரும் அந்தத் தண்ணீரைக் குடத்தில் மொள்ளமாட்டார்கள். பிள்ளைக்குப் பால் கரைக்கமாட்டார்கள். மேலே ஏதோ நடந்திருக்கிறது என்று அக்கம்பக்கத்துக்கும் சொல்வார்கள். ஆனால் மீனே இல்லாமல் போய்விட்ட ஓடையில் அந்த எச்சரிக்கையை யார் தருவது? நஞ்சு கலந்த நீரும் பளிங்குபோலத் தெளிவாக ஓடக்கூடும். கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. செவுளால் மூச்சுவிடும் ஒன்றுதான் நமக்கு முன்னே அதை அறியும்.

நீரின் ஹரீம்

இஸ்லாமியச் சட்டத்தில் 'ஹரீம்' என்றொரு கருத்து உண்டு. வீட்டில் பெண்கள் இருக்கும் பகுதிக்கு வழங்கும் அதே சொல்தான். மற்றவர் கைவைக்கக் கூடாத இடம் என்பது கருத்து. கிணற்றைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரம் அதற்குரிய ஹரீம். அங்கே இன்னொருவர் கிணறு தோண்டவோ, நீரைக் கெடுக்கும் காரியம் செய்யவோ கூடாது. ஃபுகஹாக்கள் இதனை ஊற்றுக்கும் ஆற்றுக்கும் நீட்டிப் பேசியிருக்கிறார்கள். நீர்த்துறையிலும் நிழலிலும் பாதையிலும் மலசலம் கழிப்பதை நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சாபத்துக்குரிய செயலென எச்சரித்த ஹதீஸ் அபூதாவூதில் பதிவாகியுள்ளது. நீரும் நிழலும் ஒரே எச்சரிக்கையில் வருவதைக் கவனித்தீர்களா?

இதே எண்ணம் நம் நாட்டுச் சட்டத்திலும் வேறு பெயரில் இருக்கிறது. 1947ஆம் ஆண்டின் அரச காணிச் சட்டம் ஓடைகளின் இரு கரையிலும் ஒதுக்கு நிலம் விடுவதற்கு இடம்தருகிறது. காகிதத்தில் இருக்கும் ஒதுக்கு நிலத்தில் பல இடங்களில் மரக்கறிப் பாத்தி இருக்கிறது. தேயிலை வாங்கும் வெளிநாடுகளும் இப்போது இதைக் கேட்கின்றன. பெட்டியில் சிறு தவளைப் படம் போட்ட தேயிலையைக் கண்டிருப்பீர்கள். அது ரெயின்ஃபொரஸ்ட் அலையன்ஸ் என்ற அமைப்பின் முத்திரை. அந்த முத்திரை வேண்டுமென்றால் தோட்டம் ஓடையோரத்தில் மருந்தடிக்காத செடிகொடிப் பட்டி ஒன்றை விட்டுவைக்க வேண்டும். சட்டம் சொல்லிக் கேட்காத இடத்தில் சந்தை சொல்லிக் கேட்கிறார்கள். கேட்டால் சரிதான்.

பட்டியில் என்ன நடலாம் என்று சிலர் கேட்கக்கூடும். யூகலிப்டஸ் வேண்டாம், நீரை உறிஞ்சும், அதன் சருகும் ஓடை உயிர்களுக்கு ஒத்துவருவதில்லை. கும்புக்கு, மூங்கில், காட்டுப் பன்னம், வேர் பிடிக்கும் நாட்டுப் புல் ஆகியவை போதும். சிலவேளை எதையும் நடாமல் விட்டாலே முளைத்துவிடும். இரண்டு பருவம் வெட்டாமலிருக்கும் பொறுமைதான் கிடைப்பது அரிது.

பிள்ளைகளின் விடுமுறைக்குக் கித்துல்கலைக்குக் குளிக்கப் போகும் குடும்பங்கள் பல. பெரிய ஆற்றில் ஆட்டம் முடிந்தபின், அதில் வந்து விழும் சின்ன ஓடை ஒன்றில், மரம் கவிந்த பக்கமாகக் கொஞ்சம் மேலே போய்ப் பாருங்கள். கல்லைப் புரட்டாமல், காலை அசைக்காமல், ஐந்து நிமிடம் நில்லுங்கள். பிள்ளைகளை நிறுத்துவது கஷ்டம்தான். முதலில் ஒன்றும் தெரியாது. பிறகு சருகென்று நினைத்தது நகரும். அதிர்ஷ்டமிருந்தால் அதில் வெற்றிலை மென்றவனும் இருப்பான்.